இடது பக்கம் இழுத்த பனிவண்டி

ஜெபா, இதைப் படிக்கத் தொடங்கும் முன் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள். எஸ்தர் இருந்தால் பரவாயில்லை. அவள் இப்போது நம் வீட்டுப் பெண், அவளும் படிக்கட்டும். ஆனால் நீ இருக்கும் அந்த வெளிநாட்டு ஊரில் வண்டி பழுதுபார்க்கும் அந்த ராய் வந்து உட்கார்ந்திருந்தால், இதை மடித்து உள்ளே வைத்துவிட்டு அவர் போன பிறகு எடு. அவருக்குத் தமிழ் தெரியாதே என்பாய். மொழி தெரியாதவர்கள் முகத்தைப் படிப்பார்கள். உன் முகமோ எதையும் மறைக்காது, அது உன் அப்பாவிடமிருந்து வந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். நீ யாரோடு பேசினாலும் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுகிறாய். அங்கே எந்தச் சுவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணத்துக்கு நீ வந்திருந்தபோது நேரில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். ராயபுரம் சர்ச்சில் தாலி கட்டிய நாளிலிருந்து நீங்கள் விமானம் ஏறிய நாள்வரை, தூத்துக்குடியிலிருந்து வந்த சொந்தம் யாராவது ஒருவர் நம் பேச்சு காதில் விழும் தூரத்தில் துண்டு உலர்த்திக்கொண்டே இருந்தார். இப்போது வீடு காலி. உன் அப்பா கடையில் இருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

எல்லாவற்றையும் நான் சந்தேகப்படுகிறேன் என்பது உன்னுடைய பழைய குறை. எஸ்தருக்குப் புரிவதற்காக அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் நாங்கள் கடை போட்ட புதிதில், துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கும் லோடு ஆட்டோக்களுக்கும் முன்பக்கச் சாமான்கள் மட்டும் விற்றோம். ஷாக் அப்சார்பர், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு, மூட்டுகளில் அடைக்கும் ரப்பர் புஷ், இவைதான். யானைக்கவுனியில் ஒரு மொத்த வியாபாரி நல்ல விலைக்குப் புஷ் கொடுத்தான். அட்டைப் பெட்டி, அச்சு, முத்திரை எல்லாம் அசல்போலவே இருந்தன. அவன் நெற்றியில் திருநீறும் வாயில் அக்கா என்ற சொல்லுமாக நின்றதால் உன் அப்பா ஒரு லோடு இறக்கிவிட்டார். சில நாள் கழித்து எண்ணூரிலிருந்து ஒரு லாரி டிரைவர் வந்தார். துண்டுதுண்டாகப் போயிருந்த புஷ்ஷை என் மேஜைமேல் கொட்டினார். கோபப்படக்கூட இல்லை. "இன்னாக்கா, ரப்பர்னு சொல்லி களிமண்ண குடுத்துட்ட" என்றார். பாலத்தின்மேல் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்க் கைப்பிடிச் சுவரில் உரசி நின்றதாம். சுவர் இருந்ததால் மனிதர் என் முன்னால் நிற்கிறார். அன்றிலிருந்து எந்தப் புஷ் வந்தாலும் நகத்தால் அழுத்திப் பார்க்காமல் நான் அலமாரியில் ஏற்றியதில்லை. கொஞ்ச நாளில் அந்தப் பழக்கம் மனிதர்கள்மேலும் வந்துவிட்டது. பால்காரர், பாதிரியார், வீட்டுக்காரர், உன் பள்ளிக்கூட ஆசிரியர், யாரையும் விட்டதில்லை.

உன்னையும்தான் விடவில்லை. வள்ளூர்ப் பக்கம் மின்நிலையத்தில் நீ ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தபோது தினமும் தாமதமாக வந்தாய். ஷிப்ட் மாற்றிவிட்டார்கள் என்றாய். நான் நம்பவில்லை. சாப்பாட்டுத் தூக்கை ஒரு சாக்காக எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து வாசலில் நின்றேன். நீ சொன்ன நேரத்துக்குத்தான் முகமெல்லாம் சாம்பலோடு கூட்டாளிகளுடன் வெளியே வந்தாய். என்னைப் பார்த்ததும் நீ நின்ற விதம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நான் நிம்மதியாகப் பஸ் ஏறினேன். நீதான் பல நாள் என்னோடு பேசவில்லை. என் சந்தேகத்துக்கு எதிரில் இருப்பவர் என்ன விலை கொடுக்கவேண்டியிருக்கிறது என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. யோசிக்க வைத்தது, நீ வெளிநாடு போன பிறகு வாங்கிய அந்தப் பனிவண்டி.

எஸ்தர் இன்னும் அதில் ஏறியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். சக்கரமே இல்லாத வண்டி. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் அகலமான ரப்பர் பெல்ட், நடுவில் மோட்டார் சைக்கிள்போல ஒரு சீட். குளிர்காலம் வந்தால் உங்கள் ஊர் ஏரி உறைந்து தரையாகிவிடுகிறது, அதைக் கடந்தால் வேலைக்குச் சீக்கிரம் போய்விடலாம், அதற்காக ஒரு பழைய வண்டி வாங்கியிருக்கிறேன் என்று நீ படம் அனுப்பினாய். யாரிடம் வாங்கினாய் என்று கேட்டேன். இரண்டு வீடு தள்ளி இருக்கும் லிண்டா என்ற பாட்டி வயதுக்காரம்மாவிடம் என்றாய். அவர் கணவர் வால்டர் காலமாகிவிட்டார், வண்டி கொட்டகையில் சும்மா நிற்கிறது என்று உனக்குக் கொடுத்தாராம். வந்த புதிதில் உனக்குக் கம்பளிக் கையுறையும் சூடான சூப்பும் கொடுத்தவர் அவர்தான். உன் அப்பா கண் கலங்கிவிட்டார். எனக்கோ அந்தச் சூப்பிலேயே சந்தேகம் வந்துவிட்டது. கெட்டவனிடம் நாமே உஷாராக இருப்போம். கையுறை கொடுத்தவரிடம் வண்டியைக் குனிந்து பார்ப்போமா? நீ குனிந்து பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் வண்டி இடது பக்கம் இழுக்கிறது, கை வலிக்கிறது என்றாய். முன்பக்கம் தேய்ந்துபோயிருக்கும், முழுதாக மாற்றிவிடப் போகிறேன் என்றாய். ஏன் இழுக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு மாற்று என்றேன். அதற்குள் நீ வாங்கியே விட்டாய். அதுவும் வண்டி செய்த கம்பெனியின் சாமான் அல்ல, வேறு ஒரு கம்பெனி செய்து வெளியில் விற்கிற முன்பக்கச் செட். கட்டைகளைத் தாங்கும் இரும்புக் கைகள், புது ஷாக் அப்சார்பர், டை ராடு எல்லாம் ஒரே பெட்டியில். பெட்டியைப் பார்த்ததும் எனக்கு யானைக்கவுனிதான் ஞாபகம் வந்தது. இங்கே கடை திறக்கும் முன்னால், அங்கே உனக்குச் சாயங்காலம், வீடியோவில் வந்தாய். இரண்டு பக்கத்து இரும்புக் கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைக்கச் சொன்னேன். துளிகூட வித்தியாசமில்லை. புஷ்ஷில் நகத்தை அழுத்தச் சொன்னேன். பள்ளம் உடனே எழும்பி வந்துவிட்டது. பற்றவைத்த இடங்களைக் கேமராவில் காட்டச் சொன்னேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. சாமான் நல்ல சாமான். அதை அன்றைக்கே ஒத்துக்கொண்டேன் என்பதை எஸ்தரிடம் சொல், நான் ஒத்துக்கொள்வதே இல்லை என்று நீ அவளிடம் சொல்லி வைத்திருக்கிறாயாம்.

பொருத்துகிற அன்று பக்கத்துப் பட்டறைச் சேகரையும் போனுக்கு முன்னால் உட்கார வைத்தேன். இந்தத் தெருவில் லாரிகளுக்கு முன்சக்கரம் நேர் பார்ப்பவர், உனக்குத் தெரிந்தவர்தான். சக்கரம் இல்லாத வண்டிக்கு அலைன்மெண்டா என்று முதலில் சிரித்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். இரண்டு ஷாக்கிலும் ஸ்பிரிங்கை ஒரே அளவு இறுக்கினாய். ஹேண்டில்பாரை நேராக வைத்துக் கயிறு கட்டினாய். மூட்டுகளில் இருக்கும் ஆட்டம் அளவைக் கெடுக்காமல் இருக்க, இரண்டு கட்டைகளின் மூக்கையும் ஒரு ரப்பர் பட்டையால் இழுத்துப் பிடித்தாய். பின்பெல்ட்டின் ஓரத்தோடு ஒட்டி நீளமான அளவுச் சட்டத்தை வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு கட்டைக்கும் முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு என்று அளந்தாய். கட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக இருந்தால் போதாது, பெல்ட்டுக்கும் நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, வெளியே விரிந்திருக்க வேண்டும், அப்போதுதான் ஓட்டத்தில் நேராகும். டை ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டு பக்கமும் அந்த ஒரு நூலுக்குக் கொண்டுவந்தாய். "ரெண்டு கட்டையும் நேராத்தான் கீது. இதுக்கு மேல இன்னாக்கா பாக்கணும்" என்று சேகர் எழுந்து போய்விட்டார். நீயும் சந்தோஷமாக ஏரிக்குப் போனாய். திரும்பி வந்து, முன்னைவிட அதிகமாக இழுக்கிறது என்றாய்.

எங்கள் கடையில் எவ்வளவு அவசரமாக யார் வந்தாலும், கழற்றிய பழைய சாமானைப் பார்க்காமல் நான் புதியது கொடுப்பதில்லை. வண்டியின் கதை பழைய சாமானில்தான் இருக்கும். உன்னிடமும் அதையே கேட்டேன். நீ சலித்துக்கொண்டே பழைய டை ராடுகள் இரண்டையும் எடுத்துக் காட்டினாய். வலது பக்கத்து ராடில் திருகு மரை கொஞ்சமாக வெளியே தெரிந்தது. இடது பக்கத்தில் பாதிக்குமேல் வெளியே நின்றது. சேகரைத் திரும்பக் கூப்பிட்டேன். அவர் போனைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எவனோ தெரிஞ்சே கை வச்சிக்கிறான்க்கா" என்றார். எதையோ சரிக்கட்டுவதற்காக ஒருவர் அந்த ராடை வேண்டுமென்றே நீட்டி வைத்திருக்கிறார். கால் வைக்கும் தட்டின் பின்னால் இருக்கும் ஆணியிலிருந்து கட்டையைப் பிடிக்கும் ஆணிவரை இரண்டு பக்கமும் அளக்கச் சொன்னேன். இடது பக்கம் அரை அங்குலம் குறைந்தது. மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடிக்கச் சொன்னேன். இரும்புக் கைகள் மாட்டியிருக்கும் முன்முனை மூக்குச் சட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் கறுப்புப் பெயிண்ட் புதிதாக இருந்தது, அதற்கடியில் பற்றவைத்த தழும்பு. வண்டி இடது பக்கமாக எதிலோ மோதியிருக்கிறது. பழைய செட்டில் கொஞ்சமாக இழுத்துக்கொண்டிருந்ததை, இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல இருந்த உன் புதுச் செட் ஒளிக்காமல் காட்டிவிட்டது.

அந்தம்மா தெரிந்தேதான் உன் தலையில் கட்டியிருக்கிறார் என்றேன். நீ இல்லை என்றாய். வாங்கும்போது மோதியதா என்று கேட்டாயா என்றேன். கணவரை இழந்தவரிடம் அதையெல்லாம் கேட்பார்களா என்றாய். உன் அப்பா பின்னாலிருந்து, பாவம், அந்தம்மாவுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம் என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் அவர் உள்ளே போய்விட்டார். "அப்ப போய்க் கேளுய்யா" என்றேன் உன்னிடம். "கேக்கப் பயமா இருந்தா, உனக்கும் சந்தேகம் இருக்குன்னுதானே அர்த்தம்." நீ போனை வைத்தாய். அன்று நான் கடையில் மிகவும் தெம்பாக இருந்தேன். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்ற தெம்பு. உன் உயிருக்கு ஆபத்தான ஒன்றைத் தண்டையார்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு பார்த்துவிட்டோம் என்ற தெம்பு.

மறுபடி நீ கூப்பிட்டபோது வீடியோ போடவில்லை. லிண்டாவிடம் கேட்டேன், அவருக்கு ஒன்றுமே தெரியாது என்றாய். வால்டருக்குக் கண் மங்கத் தொடங்கியபோது, இனி வண்டி ஓட்டவே கூடாது என்று அந்தம்மா அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தே கடைசிக் காலத்தைக் கழித்திருக்கிறார். வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை, என்னிடம் சொல்லாமல் அவர் எதையும் செய்தவரில்லை என்று லிண்டா முதலில் சிரித்தாராம். நீ அரை அங்குலத்தையும் புதுப் பெயிண்டையும் சொல்லச் சொல்லச் சிரிப்பு நின்றுவிட்டதாம். அடுத்த நாள் நீ போனபோது வால்டரின் கோட்டுகளையெல்லாம் கட்டிலில் பரப்பிப் பாக்கெட் பாக்கெட்டாகத் துழாவிக்கொண்டிருந்தாராம். எங்கே போனார், யாரோடு போனார், என்னிடம் வேறு எதையெல்லாம் மறைத்தார் என்று உன்னிடமே கேட்டாராம். இதையெல்லாம் சொல்லி முடித்தாய். பிறகு, "அம்மா, உன் சந்தேகத்தக் கொண்டுபோய் அவங்க வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்" என்றாய்.

ஜெபா, நீ வைத்த பிறகும் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கடைக்கு வந்தவர்கள் ஒன்று கேட்க நான் வேறொன்றை எடுத்துக் கொடுத்தேன். உன் அப்பா நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டு அவரே வியாபாரத்தைப் பார்த்தார். நான் சந்தேகப்பட்டால் சோதித்துப் பார்த்துவிடுவேன். ரப்பரை அழுத்திப் பார்ப்பேன், பஸ் ஏறி வள்ளூர் வாசலில் போய் நிற்பேன், எஸ்தர் வீட்டைப் பற்றி எண்ணூரில் மூன்று தெரு விசாரிப்பேன். ஆமாம், அதையும் செய்தேன், எஸ்தர், கோபித்துக்கொள்ளாதே, எல்லாரும் நல்லபடியாகத்தான் சொன்னார்கள். சோதித்து முடிந்தால் எனக்கு மனம் ஆறிவிடும். செத்துப்போன ஒரு மனிதரை அந்தம்மா எப்படிச் சோதிப்பார்? அவரோடு வாழ்ந்த காலம் முழுவதையும் திரும்பத் திரும்பப் புரட்டிப் பார்ப்பதைத் தவிர என்ன செய்வார்? நான் வண்டியைப் பற்றிச் சொன்னது சரி. அந்தச் சரி ஒரு வயதானவரை அவர் வீட்டிலேயே அந்நியராக்கிவிட்டது. லிண்டாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி உனக்குக் குரல் செய்தி அனுப்பினேன். அம்மா இப்படி எதையும் அனுப்பியதே இல்லையே என்று நீ பயந்துபோய் அப்பாவைக் கூப்பிட்டு என் உடம்பைப் பற்றி விசாரித்தாயாம்.

அப்போதுதான் ராய் வந்தார். வால்டரின் நெடுநாள் சிநேகிதர், ஊர்க்கோடியில் பட்டறை வைத்திருப்பவர். லிண்டா எல்லாரிடமும் விசாரிப்பது காதில் விழுந்து, தானாகவே அந்தம்மா வீட்டுக்குப் போய் ஒரு கதை சொன்னார். லிண்டா சர்ச்சில் பாட்டுப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் வால்டர் திருட்டுத்தனமாக வண்டியை எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றுவாராம். கண் தெரியாததால் கரையோரமாக, நடக்கிற வேகத்தில்தான் போவாராம். ஒருநாள் பனிக்கடியில் இருந்த மரக்கட்டையில் மோதிவிட்டாராம். மனைவியிடம் சொல்லாதே என்று கெஞ்சியதால் ராய் ரகசியமாகச் சட்டத்தை நிமிர்த்திப் பற்றவைத்து, டை ராடை நீட்டி ஒருவழியாக நேர் செய்து, கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தினாராம். இதைக் கேட்டு லிண்டா முதலில் கோபப்பட்டிருக்கிறார். பிறகு அழுதிருக்கிறார், பிறகு வாய்விட்டுச் சிரித்திருக்கிறார். கடைசிக் காலத்தில் அந்த மனிதரை ஜன்னலோரம் கட்டிப்போட்டுவிட்டேன் என்று அவர் போனதிலிருந்து மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாராம். வால்டர் கட்டுப்படவே இல்லை, தன்னை ஏமாற்றிவிட்டு ஆசைதீரச் சுற்றியிருக்கிறார் என்று தெரிந்ததில் அந்தம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. நீ இதைச் சொன்னபோது உன் குரலும் பழையபடி ஆகியிருந்தது. எனக்கும் மூச்சு வந்தது.

ராய் அதோடு நிற்கவில்லை. உடைசல் வண்டி ஒன்றிலிருந்து நல்ல மூக்குச் சட்டம் கழற்றி உன் வண்டிக்குத் தானே மாட்டித் தருகிறேன் என்று வண்டியை இழுத்துக்கொண்டு போனார். கூலி என்று ஒன்றும் வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். தங்கமான மனிதர் என்றார் உன் அப்பா. நான் புதிதாக வந்த புஷ்களை நகத்தால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து நேர் பார்க்கிற அன்று நீ அவர் பட்டறையிலிருந்து வீடியோவில் வந்தாய். லிண்டாவும் ஏதோ பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு வந்திருந்தார். முன்போலவே ஹேண்டிலைக் கட்டி, ரப்பர் பட்டை போட்டு, அளவுச் சட்டம் வைத்து அளந்தாய். ஆணிக்கு ஆணி இரண்டு பக்கமும் ஒரே அளவு. கட்டைகள் ஒரு நூல் விரிவு. ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, ஹேண்டிலை விட்டால்கூட நேராகப் போகிறது என்றாய். விட்டுப் பார்த்ததற்கு உன்னைத் திட்டினேன், நினைவிருக்கும். இனி எஸ்தர் பின்னால் உட்காரப் போகிறாள். ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன் இரண்டு கட்டையையும் கையால் பிடித்து ஆட்டிப் பார். ஏரி உறைந்துவிட்டது என்று யார் சொன்னாலும், நீயே துளை போட்டுக் கனம் பார்க்காமல் அவளை ஏற்றாதே. வண்டியையும் பனியையும் எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படு, அவற்றுக்கு மனம் நோகாது.

இனி எழுதப்போவதுதான் ராய் பக்கத்தில் இல்லாதபோது நீ படிக்க வேண்டியது. பேச்சுக்கு நடுவே, கழற்றிய பழைய மூக்குச் சட்டம் அங்கே பெஞ்சில் கிடந்ததை நான் பக்கத்தில் காட்டச் சொன்னேன். நடக்கிற வேகத்தில் மோதினால் இரும்பு வளையும். அது வளைந்திருக்கவில்லை. அட்டையை மடித்ததுபோல மடிந்து, பிறகு நிமிர்த்தப்பட்டிருந்தது. மடிப்புக் கோடு தெளிவாகத் தெரிந்தது. நல்ல வேகத்தில் மோதினால்தான் அப்படி ஆகும், துறைமுகச் சாலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். அந்த வேகத்தில் மோதியவருக்கு அடி படாமல் இருக்காது. வால்டரின் உடம்பில் காயம் என்று ஒன்றை லிண்டா பார்த்ததே இல்லை என்றுதான் நீ சொல்லியிருந்தாய். சட்டத்தைத் திருப்பிக் காட்ட ராய் கை நீட்டினார். அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் கோணலாகச் சேர்ந்து, மடங்காமல் நின்றன. பட்டறைக்காரருக்கு விரலில் அடிபட ஆயிரம் வழி உண்டு. ஆனாலும் எனக்குள் எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றுவிட்டன. கண் தெரியாத சிநேகிதரின் வண்டியை எடுத்துப்போய் மோதியவர் யார், சத்தமில்லாமல் சரிசெய்தவர் யார், லிண்டா விசாரிக்க ஆரம்பித்ததும் யாரும் கூப்பிடாமல் ஓடிவந்தவர் யார். நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம், உன் புதுச் செட்டைச் சந்தேகப்பட்டதுபோல. அல்லது மோதியதும் ராய்தான், அந்தம்மாவின் வேதனையைப் பார்க்க முடியாமல் கதை கட்டியதும் அவர்தான் என்றும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. அந்த விரல்களுக்கு என்ன ஆயிற்று என்று ராயிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் லிண்டா உன் கையிலிருந்து போனை வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்தார். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன உருவம். அவர் கேட்டதை நீ பக்கத்திலிருந்து சொன்னாய். "அம்மா, உனக்கு இரும்பப் பாத்தா தெரியுமாமே. வால்டர் மெதுவாப் போனாரா, வேகமாப் போனாரான்னு கேக்குறாங்க." அவர் தோளுக்குப் பின்னால் ராய் நின்றிருந்தார். சிரிப்பு அப்படியே முகத்தில் நிற்க, கண் மட்டும் என்னையே பார்த்தது. உன் அப்பா மேஜைக்கடியில் என் கையைப் பிடித்தார். பொய் சொல்ல எனக்கு வராது. அந்தம்மா காத்துக்கொண்டிருந்தார். "வண்டி நல்ல வேகத்துலதான் போயிருக்கு" என்றேன்.

வண்டி என்றுதான் சொன்னேன், ஜெபா. நீ அதை இங்கிலீஷில் சொன்னபோது வண்டியை விட்டுவிட்டு வால்டர் ஆக்கிவிட்டாய். அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். லிண்டா ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சின்னப் பெண்போலச் சிரித்தார். ராய் தலையைக் குனிந்துகொண்டார். நான் திருத்தவில்லை. நீயும் அங்கே யாரிடமும் திருத்தாதே. எஸ்தரைக் கேட்டதாகச் சொல்.

அம்மா